உழைப்பும் தலைநோவும்

நாள் முழுதும் மண் வெட்டியவனுக்குத் தோள் நோவது இயல்பு. நாற்று நட்டவளுக்கு இடுப்பு நோவதும், கதிர் அறுத்தவளுக்கு மணிக்கட்டு நோவதும் அவ்வாறே. எந்த உறுப்பு உழைக்கிறதோ அந்த உறுப்பு வலிக்கிறது. இதில் புதிர் ஒன்றுமில்லை. ஆனால் மண் வெட்டியவனுக்குத் தலை நோவது ஏன்? தலை அங்கே எவ்வேலையும் செய்யவில்லையே! இவ்வினாவை நம் கிராமங்களில் எவரும் பெரிதாகக் கேட்பதில்லை. "வெயில் ஏறிவிட்டது" என்றோ, "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்றோ சொல்லி, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, துண்டை இறுகக் கட்டிக்கொண்டு படுத்திருந்து, மறுநாள் விடியலில் மீண்டும் வேலைக்குச் செல்வதே வழக்கமாக இருந்து வருகிறது. பெரும்பாலான சமயங்களில் அதனால் கெடுதி நேர்வதில்லை. ஆயினும், வேலையின் நடுவே தோன்றும் தலைநோவு எப்போதோ ஒருமுறை உயிருக்கே உலை வைப்பதாக அமைந்துவிடுகிறது. அந்த ஒன்றை மற்றவற்றினின்று பிரித்தறிவது எங்ஙனம்? மற்றவற்றை வாராமற் காப்பது எங்ஙனம்? இவ்விரண்டையும் ஈண்டுக் காண்போம்.

தலைநோவு எங்கே பிறக்கிறது?

மூளைதான் நோகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. உடலின் எல்லா வலிகளையும் உணரும் மூளை, தன்மேல் கத்தி பட்டால் அதனை உணராது. நோயாளி விழித்திருக்கையிலேயே, அவரோடு பேசிக்கொண்டே, மூளையில் சில அறுவை சிகிச்சைகளை மருத்துவர்கள் செய்து முடிப்பது இதனாலேயாம். வலியை உணர்பவை, மூளையைப் போர்த்தியுள்ள சவ்வும், மூளையின் அடிப்புறத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய்களும், மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தோலும் தசைகளுமே ஆகும்.

மண்டையோடு வாய் மூடிய கலயம் போன்றது. மூளை, இரத்தம், மூளையைச் சூழ்ந்துள்ள நீர் ஆகிய மூன்றும் அதனுள் நிறைந்துள்ளன. இவற்றுள் ஒன்று சிறிது பெருகினாலும் கலயத்தினுள் அழுத்தம் உயரும். கடும் உழைப்பின்போது இதயம் விரைந்து அடித்து மிகுந்த இரத்தத்தைச் செலுத்துகிறது. பளுவைத் தூக்குவோர் மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அப்பொழுது மார்பினுள் அழுத்தம் மிகுந்து, தலையிலிருந்து கீழே இறங்கி வரவேண்டிய இரத்தம் தடைப்பட்டு நிற்கிறது. மடையில் நீர் வந்துகொண்டே இருக்க, வடிகால் அடைபட்டால் வயலில் நீர்மட்டம் ஏறுவதைப் போன்றது இது. முகம் சிவப்பதும், கழுத்தில் நரம்பு என்று நாம் வழங்கும் இரத்தக் குழாய்கள் புடைப்பதும் இதன் வெளி அடையாளங்கள்.

1985-ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், பளு தூக்கிப் பயின்றவர் சிலரின் இரத்தக் குழாயினுள்ளேயே அளவுகருவியைச் செலுத்திப் பார்த்தனர். சாதாரணமாக 120 என்ற அளவில் நிற்கும் மேல் அழுத்தம், இரு கால்களாலும் பெரும்பளுவை உந்தித் தள்ளிய கணத்தில் சராசரியாக 320 வரை ஏறிற்று. பளுவை இறக்கியவுடன் அழுத்தமும் இறங்கிவிட்டது. நல்ல நிலையிலுள்ள குழாய்கள் இத்தகைய ஏற்றத்தைத் தாங்கும். எங்கேனும் ஒரு குழாய்ச் சுவர் மெலிந்து குமிழிட்டிருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

தீங்கற்ற வகை

உழைப்பினால் மட்டுமே வரும் தலைநோவு ஒன்று உண்டு என்று மருத்துவ நூல்களில் குறிக்கப்பெற்று நெடுங்காலம் ஆகிறது. ஃபிரான்சு நாட்டு நரம்பியல் மருத்துவர் ஜூல்ஸ் டினெல் 1932-இல் இதனை விவரித்தார். இருமும்போது வரும் தலைநோவைப் பற்றி ஆங்கிலேய மருத்துவர் சார்லஸ் சைமண்ட்ஸ் 1956-இல் எழுதினார். 1968-இல் அமெரிக்க மருத்துவர் ரூக் என்பார், இத்தகைய நோவுடைய 103 பேரை மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் கவனித்து வெளியிட்ட செய்தி இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்களுள் 10 பேருக்கு மட்டுமே மண்டையினுள் கட்டி முதலான கோளாறு இருந்தது. ஏனையோருள் பெரும்பாலோர்க்கு ஐந்து பத்து ஆண்டுகளில் நோவு தானே நீங்கியது, அல்லது குறைந்தது. பத்துப் பேர் என்பது சிறு தொகையா, பெருந்தொகையா என்பது பார்ப்பவரைப் பொறுத்தது. அந்தப் பத்தில் ஒருவராக இருப்பவர்க்கு அது சிறிதன்று.

தீங்கற்ற இவ்வகைக்கு உரிய அடையாளங்கள் எளியவை. கடும் உழைப்பின் போதோ அது முடிந்த உடனேயோதான் நோவு தோன்றும். பிற சமயங்களில் தோன்றாது. பெரும்பாலும் இரு பக்கமும் நாடித் துடிப்போடு இணைந்து 'விண் விண்' என்று தெறிக்கும். சில நிமிடங்களிலும் தீரலாம். ஒரு நாள் முழுதும் நீடிக்கவும் செய்யலாம். 48 மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. வெப்பம் மிகுந்த பருவத்திலும் உயர்ந்த மலைப்பகுதிகளிலும் இது மிகுதியாக வருகிறது. நார்வே நாட்டில் வோகோ என்னும் மலைநாட்டுக் கிராமப் பகுதியில் 1,838 பேரை விசாரித்தபோது, நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு உழைப்பையொட்டிய தலைநோவு இருந்ததாகத் தெரியவந்தது. ஆகவே இது அரிய நோயன்று.

கழுத்தின் பெரிய சிரைகளில், இரத்தம் தலையை நோக்கித் திரும்பாதவாறு காக்கும் கதவு போன்ற அமைப்பு உண்டு. உழைப்புத் தலைநோவு உடையவர்களுள் பலருக்கு அக்கதவு சரிவர மூடுவதில்லை என்று 2008-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் கண்டனர். எல்லோர்க்கும் இதுவே காரணம் என்று கூறுவதற்கில்லை. உடலை மெல்ல மெல்ல வேலைக்குப் பழக்கினால் பலருக்கு இந்நோவு குறைகிறது என்பது மட்டும் அனுபவத்தில் தெளிந்த செய்தி. விடிந்ததும் வராததுமாக முழு வேகத்தில் கடப்பாரை போடுவதைவிட, முதற் கால்மணி நேரம் இலேசான வேலையைச் செய்து உடலைச் சூடாக்கிக்கொள்வது நன்று. பழைய ஏர் உழவர்கள், காளைகளை முதற் சால் நான்கைந்து ஓட்டும்வரை விரட்டமாட்டார்கள். காளைக்குக் காட்டிய அந்தக் கருணையை மனிதர் தமக்கும் காட்டிக்கொள்ளலாம்.

முதன்முறை வரும் நோவு

தீங்கற்றது என்று மேலே சொன்னோம். ஆனால் அந்தத் தீர்ப்பை நோயாளியோ, அவருடைய உறவினரோ, பக்கத்து வரப்பில் நிற்பவரோ வழங்கிவிடக் கூடாது. இதுவரை இவ்வாறு நோகாத ஒருவருக்கு, வேலையின் நடுவே முதன்முறையாகக் கடுந்தலைநோவு வந்தால், வேறு கேடு எதுவும் இல்லை என்பதை மருத்துவர் உறுதி செய்த பின்னரே அதனைத் தீங்கற்றது எனக் கொள்ளலாம் என்பது உலகெங்கும் மருத்துவர் ஏற்றுக்கொண்ட விதி.

ஏனெனில், மூளையின் அடிப்புற இரத்தக் குழாய்களில் சிலருக்குச் சிறு குமிழ் போன்ற புடைப்பு இருக்கும். அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அது வெடித்துக் குருதி கசியும்போது தோன்றும் தலைநோவு, மற்ற நோவுகளைப்போல் மெல்ல ஏறுவதன்று. இடி விழுந்தாற்போல் வரும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டிவிடும். "என் வாழ்நாளில் இப்படி ஒரு வலியைக் கண்டதில்லை" என்று அவர்கள் சொல்வார்கள். வாந்தி, மயக்கம், பிடரி விறைத்துக் குனிய முடியாமை, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல் ஆகியவை உடன் வரலாம். ஓய்வாக இருக்கும்போதும் இவ்வெடிப்பு நிகழ்வதுண்டு. எனினும் பளுத் தூக்குதல், முக்குதல் போன்ற முயற்சிகளின்போது நிகழ்வது மிகுதி.

நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நிமிர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடரியில் யாரோ உலக்கையால் அடித்தாற்போல் இருக்கிறது. மூட்டையைப் போட்டுவிட்டு அமர்கிறார். ஒருமுறை வாந்தி எடுக்கிறார். உடனிருப்பவர்கள் புளியமரத்தடியில் படுக்கவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, ஒரு தலைவலி மாத்திரையையும் விழுங்கச் செய்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி சற்றுத் தணிகிறது. "வெயில்தான், வேறொன்றுமில்லை" என்கிறார்கள். வலி தணிந்ததே இங்கு ஏமாற்று. ஒருமுறை கசிந்த குழாய் மீண்டும் கசிவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள காலம் முதல் 24 மணி நேரமே. அந்த இரண்டாம் கசிவிலேயே பலர் உயிரிழக்கின்றனர். மேலும், கொடுத்த மாத்திரை ஆஸ்பிரின் கலந்ததாயின், அது இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்புடையது. கசிவுள்ளவர்க்கு அதைவிடத் தகாத மருந்து வேறில்லை.

இவ்வகையில் காலமே மருந்து. நோவு தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் சி.டி. படத்தில் இக்கசிவு ஏறத்தாழத் தப்பாமல் புலப்படும். நாட்கள் செல்லச் செல்லப் படத்தில் மங்கி மறைந்துவிடும். பிறகு முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க நேரும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் சி.டி. கருவி உள்ளது. 2008-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கிவரும் 108 ஊர்தியை இதற்கு அழைப்பது வீண் ஆடம்பரமன்று. அது அமைந்ததே இதற்காகத்தான். ஊர்தி வரும்வரை நோயாளியைப் படுக்கவைத்து, நினைவு தப்பியிருந்தால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ, சோடாவோ, காப்பியோ ஊற்றுதல் கூடவே கூடாது. அது மூச்சுக் குழலுக்குள் சென்றுவிடும்.

பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் ஒன்று வலுவிழத்தல், பார்வை இரட்டையாகத் தெரிதல், வலிப்பு ஆகியவற்றுள் எதுவும் தலைநோவுடன் சேர்ந்து வந்தால், நோவு திடீரென வந்ததா மெல்ல வந்ததா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டா. உடனே ஊர்தியை அழைக்க வேண்டும்.

தலையில் வலி, நோய் நெஞ்சில்

பலர் கேள்விப்படாத ஒரு வகையும் உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர். நீரிழிவோ, இரத்தக் கொதிப்போ, புகை பிடிக்கும் பழக்கமோ உடையவர். மேட்டில் ஏறும்போதும் மிதிவண்டியை எதிர்காற்றில் மிதிக்கும்போதும் அவருக்குத் தலை நோகிறது. நின்றால் சில நிமிடங்களில் நோவு நின்றுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வருகிறது. மார்பில் வலியே இல்லாமலும் இருக்கலாம். உண்மையில் இதயத்துக்குச் செல்லும் குழாய் அடைபட்டிருப்பதன் குறியாக இந்நோவு அமைவதுண்டு. 1997-இல் அமெரிக்க மருத்துவர்கள் இதற்குத் தனிப்பெயரிட்டு விளக்கினர். அரிதாயினும், கண்டுபிடித்தால் குணப்படுத்தத்தக்கது. ஒற்றைத் தலைவலி என்று கருதி இவருக்கு இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்துகளைக் கொடுத்தால் இதயத்துக்கு ஆபத்து நேரும். ஆகையால் இத்தகையோர்க்குத் தலையைப் பார்ப்பதோடு இதயத்தையும் பார்க்க வேண்டியுள்ளது.

இருமும்போதும், தும்மும்போதும், மலச்சிக்கலால் முக்கும்போதும் மட்டும் பிடரியில் சுரீரென்று தோன்றி மறையும் நோவும் மருத்துவரிடம் காட்டத்தக்கதே. சிலருக்குச் சிறுமூளையின் அடிப்பகுதி, மண்டையோட்டின் கீழ்த்துளை வழியே சற்று இறங்கியிருப்பதால் இது நேர்கிறது.

வெயிலும் நீரும்

இனி, நம் உழவர்களையும் கூலி உழைப்பாளர்களையும் மிகுதியாக வருத்தும் வகைக்கு வருவோம். சித்திரை வைகாசியில் உப்பளத்திலும், செங்கற் சூளையிலும், கரும்பு வெட்டும் வயலிலும் உழைப்போரைக் கேட்டால், தலைநோவு இல்லாத நாளை எண்ணிச் சொல்வார்கள். இங்கே குற்றவாளி உழைப்பு மட்டுமன்று. உழைப்போடு வெப்பமும், நீர்க் குறைவும், பசியும் கூட்டுச் சேர்கின்றன.

கடும் வெயிலில் கடும் வேலை செய்பவர் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலுமோ வியர்வையாக வெளியேறும். அதனுடன் உப்பும் போகிறது. சட்டையின் முதுகில் வெள்ளைப் படலமாகக் காய்ந்திருப்பது அந்த உப்பே. இழந்த நீரைத் திரும்பக் குடிக்காதபோது இரத்தத்தின் அளவு குறைகிறது; தோலுக்கும் தசைக்கும் மூளைக்கும் இரத்தம் பங்கிடுவதில் இதயம் திணறுகிறது; தலை நோகிறது. தாகம் எடுத்தால் குடிப்போம் என்றிருப்பது போதாது. தாகம் தெரியும்போதே உடல் பின்தங்கிவிட்டது. 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை கால் லிட்டர் அளவு குடிப்பதே முறை. அதற்காக ஒரே மணி நேரத்தில் 1.4 லிட்டருக்கு மேல் வெறுந்தண்ணீரை ஊற்றிக்கொள்வதும் தகாது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், அதனாலேயே தலைநோவும் வாந்தியும் வரும். சிறுநீரின் நிறம் நல்ல அளவுகோல். இளமஞ்சளாக இருந்தால் குடித்தது போதும். கடுங்காப்பி நிறமாகத் தோன்றினால் வேலையை நிறுத்த வேண்டும்.

இவ்வகையில் நம் முன்னோரின் காலை உணவைக் குறித்து ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. உப்பிட்ட நீராகாரம், மோர் கலந்த கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ் ஆகியவை நீரையும் உப்பையும் மாவுப் பொருளையும் ஒரே கலயத்தில் தருபவை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த உப்புச் சர்க்கரைக் கரைசலும் இம்மூன்றின் சேர்க்கையே. இன்று பல வீடுகளில் கலயம் போய், ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும் வந்துவிட்டன. அதை மட்டும் உண்டு ஆறு மணிக்கு வயலில் இறங்கியவருக்குப் பத்து மணிக்குத் தலை நோவது வியப்பன்று. வழக்கமாகத் தேநீர் குடிப்பவர் ஒருநாள் அதனை விட்டாலும் தலை நோகும் என்பது வேறு செய்தி. கூழுக்கு வழியில்லாத இடத்தில், 1 லிட்டர் நல்ல நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்ளலாம். அளவு மிகுந்தால் கெடுதி. உப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போடலாகாது. இரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றுக்கு மருந்துண்பவர்கள், தங்களுக்கு எவ்வளவு உப்பு தகும் என்பதைச் செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண் தொழிலாளரின் நிலை தனியே கூறத்தக்கது. உப்பளத்திலும் சாலை வேலையிலும் ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லாத காரணத்தால், காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலர். குடித்தால் ஒதுங்க நேருமே என்ற அச்சம்! அவர்களிடம் சென்று "நீர் நிறையக் குடியுங்கள்" என்று அறிவுரை கூறுவதில் என்ன பயன்? கீற்று மறைப்புடன் ஒரு கழிப்பிடம் அமைத்தல், அங்கே தலைநோவு மருந்தாகவும் ஆகிறது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத் தலத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவிப் பெட்டியும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. சட்டம் எதுவாயினும், இம்மூன்றும் நான்காவதாகிய மறைவிடமும் இல்லாத தலத்தில், நோவுக்குப் பொறுப்பு உழைப்பவரைச் சார்ந்ததன்று. வேலை வாங்குபவரைச் சார்ந்தது.

வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு ஏழு முதல் பதினான்கு நாட்கள் ஆகும். பட்டணத்தில் நிழலில் வேலை செய்துவிட்டு அறுவடைக்கு ஊர் திரும்பும் இளைஞர், முதல் நாளே மற்றவர்க்கு ஈடாக வெட்டிக் காட்ட முனைவது ஆபத்து. வெப்பத்தால் நேரும் மரணங்களுள் மிகுதியானவை வேலைக்கு வந்த முதற் சில நாட்களிலேயே நிகழ்கின்றன. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வெயில் வேலை, பிறகு நாள்தோறும் ஒரு பங்கு கூட்டுதல் என்பது அமெரிக்கத் தொழிற் சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு. வெட்டிய அளவுக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் இது எளிதன்று என்பதை நாம் அறிவோம். புதியவருக்கு முதல் வாரம் நாட்கூலி பேசுவதில் மேஸ்திரிக்குப் பெருநட்டம் வாராது.

தலைநோவோடு உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறி, கூப்பிட்டால் பொருத்தமின்றி விடை சொன்னால் அது வெப்பத் தாக்கு. ஊர்தியை அழைத்த கையோடு, நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் உண்டு. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததற்குக் காரணம் இத்தகைய மரணங்களே.

வெயிலோடு தொடர்பில்லாத ஒரு காரணமும் நம் பெண்களிடையே பரவிக் கிடக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தத்தில் செம்பொருள் குறைந்தால், சிறிது உழைத்தாலும் மூச்சு இரைக்கும், நெஞ்சு படபடக்கும், தலை நோகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் இதனைக் கண்டுபிடித்துவிடலாம். இரும்புச் சத்து மாத்திரையைச் சில மாதங்கள் விடாது உண்டபின் பல ஆண்டுத் தலைநோவு நீங்கிய பெண்கள் உண்டு.

சுமையும் சும்மாடும்

தலைச்சுமையால் வரும் நோவு வேறு. உச்சந்தலைத் தோலின் கீழுள்ள நரம்புகள் நெடுநேரம் நசுங்குவதாலும், பிடரித் தசைகள் இறுகி நிற்பதாலும் அது பிறக்கிறது. சுமையை இறக்கி ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். சும்மாடு இதற்கு நம் மக்கள் கண்ட நல்ல சாதனம். ஆனால் பழந்துணியைக் கயிறுபோல் முறுக்கி வைத்தால், அந்த முறுக்கே தலையை அழுத்தும். அகலமாகவும் மெத்தென்றும், பாரம் வட்டமாகப் பரவும்படியும் சுற்ற வேண்டும். பன்னாட்டுத் தொழில் நிறுவனம் 1967-இல் செய்த பரிந்துரையில், வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் பளு 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் கூறிற்று. நம் களங்களில் 75 கிலோ மூட்டை இன்றும் முதுகேறுகிறது. தூக்கும்போது மூச்சை அடக்காமல், வாய்வழியே விட்டுக்கொண்டே எழுதல் வேண்டும். ஏலேலோ என்று பாடிக்கொண்டு பாரம் இழுத்தவர்கள் இதனை அறிந்தோ அறியாமலோ செய்தார்கள். பாடுகிறவனால் மூச்சை அடக்க முடியாது அல்லவா?

உழைப்பின்மேல் வீண்பழி

வேலை செய்யும்போது வரும் நோவெல்லாம் வேலையால் வருவதன்று. கிணற்றினுள்ளோ, மூடிய கொட்டகையிலோ டீசல் எஞ்சின் ஓட, அங்கிருப்பவருக்குத் தலை நோகிறது, மயக்கம் வருகிறது. அது களைப்பன்று. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. நிறமும் மணமும் அற்றது. ஒரே இடத்தில் இருக்கும் இருவருக்கும் சேர்ந்தாற்போல் தலை நோவது அதன் அடையாளம். உடனே வெளியேற வேண்டும். உள்ளே விழுந்தவரைத் தூக்க மற்றொருவர் அப்படியே இறங்கி அவரும் மாண்ட செய்திகளை நாளேடுகளில் பலமுறை படித்துவிட்டோம். பூச்சிமருந்து தெளித்தவருக்குத் தலைநோவோடு வாயில் எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கினால் அது நஞ்சு. பனியில் நனைந்த புகையிலையை வெறுங்கையால் ஒடிப்பவர்க்கும் தோலின் வழியே நிகோட்டின் ஏறி, நோவும் குமட்டலும் உண்டாகின்றன.

பெட்டிக்கடை மாத்திரை

நோவைத் தணிக்க மாத்திரை உண்பதை நாம் குறைகூறவில்லை. எப்போதாவது ஒன்று உண்பதில் குற்றமில்லை. ஆனால் வேலைக்குப் புறப்படும்போதே, "எப்படியும் நோகும்" என்று முன்கூட்டி ஒன்றை விழுங்கும் வழக்கம் பல ஊர்களில் வேரூன்றிவிட்டது. இதில் இரு கேடுகள் உண்டு. தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல், மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலுமோ சாதாரண வலி மாத்திரைகளை உண்டால், அந்த மாத்திரையே தலைநோவை உண்டாக்கத் தொடங்கும். பல மருந்துகள் கலந்த மாத்திரையாயின் 10 நாட்களே போதும். நோவு மாத்திரையைக் கேட்க, மாத்திரை நோவைத் தர, சக்கரம் சுழலும். இரண்டாவது கேடு சிறுநீரகத்துக்கு. டைக்ளோபினாக் போன்ற மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் அவற்றை நாள்தோறும் செலுத்துவது, வறண்ட கிணற்றில் மேலும் ஒரு பம்பு வைப்பதற்கு ஒப்பாகும். தீங்கற்ற உழைப்புத் தலைநோவுக்கு இண்டோமெதசின், புரோப்ரனலால் போன்ற மருந்துகள் உண்டு. வேலைக்கு முன் இன்ன நேரத்தில் இன்ன அளவு என்று மருத்துவர் கூறுவார். முன்னது வயிற்றைப் புண்ணாக்கும். பின்னது ஆஸ்துமா உள்ளவர்க்கு ஆகாது. ஆகவே அண்டை வீட்டாரின் மருந்துச் சீட்டைக் கொண்டு வாங்கத்தக்கவை அல்ல.

மருத்துவரிடம் செல்வோர் "தலை வலிக்கிறது" என்று மட்டும் கூறினால், அவரும் கூட்டத்தின் நடுவே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தனுப்ப நேரும். என்ன வேலை செய்கையில் வந்தது, நிற்கையிலா தூக்குகையிலா, உச்சத்தை எட்ட எத்தனை நேரம் ஆயிற்று, இதற்குமுன் வந்ததுண்டா, ஓய்ந்தால் எத்தனை நிமிடத்தில் தணிகிறது, வாந்தி, மயக்கம் உண்டா, அன்று என்ன உண்டார், எவ்வளவு குடித்தார் என்பவற்றைச் சொன்னால், நோயின் பாதி அங்கேயே தெளிந்துவிடும். இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வதும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் எழுதிய அளவுகள் இருந்தால் அவற்றைக் கொண்டு செல்வதும் நன்று. இதுவரை உண்டுவந்த மாத்திரைகளின் வெற்று அட்டைகளையும் மடியில் முடிந்து எடுத்துச் செல்லுதல் வேண்டும். பெயர் தெரியாவிடினும் அட்டை சொல்லும்.